பரம்பரை நகைகள்: அறிகுறியைக் கொண்டு கோளாறை அறிதலும் சரிசெய்தலும்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது லாக்கரிலிருந்து நகைப் பெட்டியை எடுத்து வந்து, கூடத்தில் பாய் விரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் நேரத்தில்தான் குறைகள் கண்ணில் படுகின்றன. அட்டிகையின் கல் மங்கியிருக்கும், தோட்டின் திருகு நிற்காது, கைமேல் அணியும் வங்கியின் ஓரத்திலிருந்து ஏதோ உதிரும். பத்தரிடம் போக நேரம் இல்லாததால், பற்பசை, எலுமிச்சம்பழம், கொதிக்கும் வெந்நீர் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அவசர வைத்தியம் நடக்கும். பழைய நகைகளில் நான் பார்த்த சேதங்களில் பெரும்பகுதி அறுபது எழுபது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்ததால் வந்ததல்ல. இப்படி அரை மணி நேரத்தில் செய்த வைத்தியத்தால் வந்தது. எங்கள் வீட்டு அட்டிகை ஒன்றை நானே அவ்வாறு கெடுத்திருக்கிறேன். அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

கீழே உள்ளவை தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் கெம்பு நகைகள், வைரத் தோடு, மூக்குத்தி, காசு மாலை, அரக்கு நிரப்பிய வங்கி, காப்பு, ஒட்டியாணம், முத்து, பவழம், வெள்ளிக் கொலுசு ஆகியவற்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. உங்கள் நகையில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் அடுத்து வரும் பகுதியை மட்டும் தயவுசெய்து தவறாமல் படியுங்கள்.

எதையும் நனைப்பதற்கு முன்

நகையைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். முன்பக்கம் அழகைக் காட்டும். அந்த நகை எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பின்பக்கந்தான் காட்டும். கல்லின் பின்னால் வெளிச்சம் புகும்படி துளை விட்டிருந்தால் அது திறந்த கட்டு. பின்புறம் முழுவதும் தகடாக மூடியிருந்தால் அது மூடிய கட்டு. உள்ளே அரக்கோ, கல்லுக்கு நிறம் கூட்டுவதற்காக வைத்த பளபளப்பான தாளோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். இந்த ஒரு வேறுபாடே, உங்கள் நகை தண்ணீரைத் தாங்குமா தாங்காதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கும் அந்தச் சிறு கண்ணாடியைப் போலப் பயன் தரும் கருவி வேறில்லை. வெள்ளைத் துணி விரித்து, பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் படம் எடுத்து, 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். பிறகு காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள். சத்தம் ஏதும் வராவிட்டால் நல்லது. உள்ளே ஏதாவது உருண்டால், எங்கோ கல் தளர்ந்திருக்கிறது அல்லது அரக்கு உடைந்திருக்கிறது.

கல் மங்கியிருக்கிறது அல்லது கறுத்துத் தெரிகிறது

இதுதான் அதிகம் வரும் குறை. அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். ஒரே அறிகுறிக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்.

பின்புறம் திறந்திருந்து, உள்ளே இருப்பது வைரமாகவோ மாணிக்கமாகவோ இருந்தால், காரணம் பெரும்பாலும் எண்ணெய்தான். வைரத்துக்கு எண்ணெய்ப் பசையை இழுத்துக்கொள்ளும் இயல்பு உண்டு. தலைக்கு வைத்த எண்ணெய், முகப்பவுடர், சோப்பு நுரை மூன்றும் கல்லின் பின்புறம் சேர்ந்து இறுகும்போது, ஒளி உள்ளே போய்த் திரும்பி வரும் வழி அடைபட்டு, உயர்ந்த வைரமும் கண்ணாடித் துண்டு போல உயிரற்றுத் தெரியும். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, நகையைப் பத்து நிமிடம் ஊறவைத்து, குழந்தைகளுக்கான மென்மையான பல் துலக்கியால் பின்புறமிருந்து தேயுங்கள். நல்ல தண்ணீரில் அலசிப் பருத்தித் துணியில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். கைகழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு இதைச் செய்யாதீர்கள். தளர்ந்த கல் ஒன்று விழுந்தால் அது நேரே சாக்கடைக்குப் போய்விடும்.

வைரத் தோடு, எட்டுக்கல் பேசரி போன்ற பழைய நகைகள் பலவற்றில் பின்புறம் மூடியே கட்டியிருப்பார்கள். அங்கே அழுக்கு விளிம்பின் வழியாக உள்ளே இறங்கியிருந்தால் வீட்டில் கழுவி எடுக்க முடியாது. கழுவக் கழுவச் சோப்புத் தண்ணீரும் சேர்ந்து இறங்கும். பழைய வைரம் கட்டத் தெரிந்த பத்தர் கல்லை எடுத்துச் சுத்தம் செய்து திரும்பக் கட்ட வேண்டும். என் பாட்டியின் ஏழு கல் தோட்டை அப்படிப் பிரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுக்கல்லை எடுத்ததும் அதன் அடியில் மெழுகு போல மஞ்சளாக ஒரு படலம் இருந்தது. பத்தர் அதை ஊசி முனையால் சுரண்டி என் விரலில் தடவினார். பல பத்தாண்டுகளுக்கு முந்திய தேங்காயெண்ணெயின் சிக்கு வாடை அப்போதும் அதில் இருந்தது. 'கல் மட்டம்' என்று அதுவரை எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிய தோடு அது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மங்கிய பழைய வைரத்தைப் பார்த்தவுடன், 'பழைய பட்டை, இன்றைய பட்டைக்கு மாற்றித் தீட்டிக்கொடுக்கிறோம்' என்று சொல்பவர்கள் உண்டு. பழைய முறையில் கையால் தீட்டிய கல்லை மறுபடி தீட்டினால் எடை குறைவதோடு, அதன் காலத்தைக் காட்டும் அடையாளமும் போய்விடும். பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும் 'புளூ ஜாகர்' வைரங்கள் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரால் அறியப்பட்டவை. வெளிச்சத்தில் அவற்றில் தெரியும் மெல்லிய நீலச் சாயல் கல்லின் இயல்பு, அழுக்கு அன்று. கழுவிய பிறகு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது காரணம் கெம்பு நகைகளுக்கு உரியது. கெம்பு அட்டிகை, ராக்கொடி, ஜடைநாகம், நெற்றிச்சுட்டி போன்றவற்றில் குழிக்குள் அரக்கு நிரப்பி, அதன்மேல் பளபளக்கும் தாள் வைத்து, அதற்கு மேல் கல்லை இருத்தி, சுற்றிலும் தங்க விளிம்பை அழுத்தியிருப்பார்கள். நாம் பார்க்கும் சிவப்பின் ஆழத்தில் பாதி அந்தத் தாளிலிருந்து வருகிறது. தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் தாள் கறுக்கத் தொடங்கும். வெந்நீராக இருந்தால் அரக்கும் இளகிக் கல் சாயும்.

நான் கெடுத்தது இப்படிப்பட்ட ஓர் அட்டிகையைத்தான். தங்கச் சங்கிலிக்குச் செய்வது போலவே நினைத்து, சோப்புக் கலந்த வெந்நீரில் அதை ஊறப் போட்டேன். வெளியே எடுத்தபோது பளிச்சென்றுதான் இருந்தது. மறுநாள் காலையில் பதக்கத்தின் இடப்பக்கத்துக் கற்கள் உலர்ந்த இரத்தத்தின் நிறத்துக்கு மாறியிருந்தன. ஒரு வாரத்தில் பாதிக் கற்கள் கறுத்துவிட்டன. பத்தர் சாமணத்தால் ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். கல் குற்றமற்றுச் சிவப்பாகவே இருந்தது. அதன் கீழே இருந்த தாள்தான், நனைந்த தீக்குச்சி மருந்து போலக் கரைந்து அரக்கோடு ஒட்டிக் கிடந்தது.

கறுத்தது கல்லன்று, தாள்தான் என்பதால் இதைச் சரிசெய்ய முடியும். கற்களை வரிசை மாறாமல் எடுத்து, பழைய அரக்கை நீக்கி, புதுத் தாளும் அரக்கும் வைத்து, அதே கற்களைத் திரும்பப் பதிக்க வேண்டும். கற்களை எண்ணி, ஒவ்வொரு வரிசையையும் படம் எடுத்து, எண்ணிக்கையைக் குறித்த சீட்டை வாங்கிக்கொண்ட பிறகே நகையைக் கொடுங்கள். 'ஒன்றிரண்டு கல் உடைந்துவிட்டது, அதே மாதிரி புதிது வைத்துவிட்டேன்' என்ற பேச்சுக்கு அப்போது இடம் இராது. நாகர்கோவிலின் வடசேரியில் செய்யப்படும் நகைகளுக்கு 'நாகர்கோவில் கோயில் நகைகள்' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்தப் பதிப்பு வேலையைக் கைவழக்கமாகத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். சாதாரண நகைக்கடையில் 'செய்துவிடலாம்' என்று சொன்னாலும், கெம்பு வேலை தெரிந்த கையிடம் போவதே நல்லது.

தாள் கறுக்காமல், மேலே தூசி மட்டும் படிந்திருந்தால், உலர்ந்த மென் தூரிகையால் தட்டிவிட்டு, சற்றே ஈரப்படுத்தி நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் தங்கப் பகுதியை மட்டும் துடையுங்கள். கெம்பு நகைக்கு வீட்டில் செய்யக்கூடியது அவ்வளவே.

கல்லின் மதிப்பைப் பற்றியும் ஒரு சொல். பழைய நகையில் இருக்கும் சிவப்புக் கல் எல்லாம் பர்மா மாணிக்கம் என்று நம்புவது சரியன்று. செயற்கை மாணிக்கம் செய்யும் முறையைப் பிரான்சைச் சேர்ந்த வெர்னாய் 1902-ல் வெளியிட்டார். அதன்பின் அந்தக் கற்கள் உலகெங்கும் நகைகளில் ஏறின. ஆகவே 1930-களில் செய்த நகையில் செயற்கைக் கல் இருந்தால், யாரோ இடையில் மாற்றிவிட்டார்கள் என்று பொருளன்று. தொடக்கத்திலேயே அப்படிப் பதித்திருக்கலாம். பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் வளைந்த மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது அந்த வகைக் கல். இந்தச் சந்தேகத்தால் குடும்பங்களுக்குள் மனத்தாங்கல் வந்ததை நான் அறிவேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தங்கத்தின் மேல் வெள்ளைத் திட்டு

திட்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு நாளில் வந்தது என்ற இரண்டு கேள்விகள் போதும்.

மேடான இடங்களிலும், உடம்பில் உரசும் ஓரங்களிலும் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக வெளுத்து, அந்த வெண்மை நாளடைவில் சாம்பல் நிறமாக மாறினால், அது வெள்ளியின் மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டிய அல்லது முலாம் பூசிய நகை. ரேக்கு தேய்ந்து அடியிலுள்ள வெள்ளி தெரிகிறது. ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். கோயில் நகை மரபில் வெள்ளியைத் தளமாகக் கொண்டு செய்வதே வழக்கம். இனிமேல் எதைக் கொண்டும் அதைத் தேய்க்காதீர்கள்.

மாறாக, நேற்றுவரை மஞ்சளாக இருந்த மோதிரத்திலோ வளையலிலோ இன்று தெறித்தாற்போல வெள்ளிப் பளபளப்புடன் திட்டு வந்திருந்தால், அது பாதரசம். உடைந்த பழைய வெப்பமானியிலிருந்து ஒரு துளி உருண்டு வந்து பட்டாலே போதும். தங்கம் பாதரசத்தை உடனே ஏற்றுக்கொண்டு கலவையாகிவிடும். பாதரசம் கலந்த முக வெளுப்புக் களிம்புகளாலும் இப்படி நேர்கிறது. அப்படியானால் நகையைவிட அந்தக் களிம்பைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அந்த நகையை மற்ற நகைகளோடு வைக்காதீர்கள். திட்டு அவற்றுக்கும் பரவும். உறையில் போட்டு மூடித் தனியே வையுங்கள். 'நெருப்பில் காட்டினால் போய்விடும்' என்று யாராவது சொல்வார்கள். போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அது ஆவியாகி நம் மூச்சுக்குள்தான் போகும், பாதரச ஆவி கொடிய நஞ்சு. வீட்டு அடுப்பில் ஒருபோதும் செய்யக்கூடாது. புகைபோக்கி வைத்த பட்டறையில், விஷயத்தைச் சொல்லிவிட்டே கொடுக்க வேண்டும். கல் வைத்த நகையானால் கற்களை எடுத்த பிறகுதான் சூடேற்ற முடியும். திட்டு நீங்கினாலும் அந்த இடத்தில் சிறு குழிகள் நிற்கக்கூடும்.

தங்கம் கறுத்திருக்கிறது

நகை முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தால் கவலை வேண்டாம். 22 காரட் தங்கத்தில் 91.6 விழுக்காடுதான் தங்கம். மீதி செம்பும் வெள்ளியும். வியர்வையிலும் காற்றிலும் இருக்கும் கந்தகம் அந்தச் செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்கிறது. கல்லும் அரக்கும் இல்லாத சங்கிலி, வளையல், தாலி உருக்களைப் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து மெல்லத் தேய்த்தால் போதும். பத்தர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் முறை இது. மஞ்சள் சரட்டில் கோத்த தாலிக் குண்டுகள் உள்ளே வெற்றிடமாக இருப்பதால், கழுவிய பிறகு ஓர் இரவு முழுவதும் உலரவிடுங்கள்.

கறுப்பு வளையங்களின் இணைப்பிலும் பூவேலையின் அடியிலும் மட்டும் கோடு போலத் தெரிந்தால், அது பொடி வைத்து ஊதிய இடம். பற்றவைப்பதற்காக வைக்கும் பொடி, நகையைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்பதால், அதில் தங்கம் குறைவாகவும் செம்பு முதலியவை கூடுதலாகவும் இருக்கும். பழைய நகைகளில் இணைப்பு மட்டும் நிறம் மாறுவதற்கும், முழு நகையையும் உருக்கினால் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, இறங்குவதற்கும் இதுவே காரணம். பிறகு வந்த காட்மியப் பொடி இந்தக் குறையைத் தீர்த்தது. அப்படிச் செய்த நகையைத்தான் 'கேடிஎம்' என்று சொன்னார்கள். ஆனால் காட்மியப் புகை ஊதுகிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. இணைப்பிலுள்ள கறுப்பைப் போக்க வேண்டுமென்று தேய்த்துக்கொண்டே இருந்தால், இணைப்பு மெலிந்து ஒருநாள் விட்டுப்போகும். கொஞ்சம் கறுப்பு இருந்தால் இருக்கட்டும்.

கல் ஆடுகிறது, அல்லது விழுந்துவிட்டது

சிறிது பஞ்சை எடுத்துக் கல்லைச் சுற்றியுள்ள கம்பிகளின் மேல் மெல்ல இழுங்கள்; பஞ்சு மாட்டும் இடத்தில் கம்பி தூக்கியிருக்கிறது. உடனடிப் பசை போட்டு ஒட்டாதீர்கள். அந்தப் பசையின் ஆவி கல்லின் மேல் வெண்படலமாகப் படியும். பின்னர் பத்தர் சூடு காட்டும்போது பசை கருகிக் குழியை அடைத்துக்கொள்ளும்.

கல் வீட்டுக்குள் விழுந்திருந்தால், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகக் கிடத்தி ஒளியை மெல்லத் திருப்புங்கள். நின்றுகொண்டு தேடினால் கிடைக்காத கல் இப்படித் தேடினால் மின்னும். பெருக்கிய குப்பையை மூன்று நாள் கொட்டாமல் வையுங்கள்.

குலுக்கினால் சத்தம், நசுங்கல், ஓரத்தில் பொடி உதிர்தல்

வங்கி, ஒட்டியாணம், பழைய காப்பு ஆகியவை மெல்லிய தங்கத் தகட்டில் செய்து உள்ளே அரக்கு நிரப்பியவையாக இருக்கும். அரக்குதான் தகட்டுக்கு முதுகெலும்பு. அது காய்ந்து வெடித்தால் தகடு தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் நசுங்கும். உதிரும் பொடி கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் அரக்கு என்று உறுதி செய்துகொள்ளலாம்.

உள்ளே குச்சி விட்டு நசுங்கலை நிமிர்த்தப் பார்க்காதீர்கள்; பழைய தகடு காகிதம் போலக் கிழியும். கொதிநீரின் சூட்டுக்கு வெகு முன்பே அரக்கு இளகிவிடும் என்பதால், வெந்நீர், வெயிலில் நிற்கும் காரின் உட்புறம், அடுப்பங்கரை அலமாரி ஆகிய மூன்றிலிருந்தும் இத்தகைய நகையைத் தள்ளி வையுங்கள். பத்தர் அரக்கை வெளியேற்றி, நசுங்கலை நிமிர்த்தி, புது அரக்கு நிரப்புவார். வேலைக்கு முன்னும் பின்னும் எடை மாறும். அந்த மாற்றம் அரக்கினால் வருவது என்பதை முன்கூட்டியே பேசி, மூன்று எடைகளையும், அதாவது கொடுத்தபோது இருந்த எடை, அரக்கு நீக்கிய எடை, முடிந்த எடை ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

திருகு நிற்கவில்லை

மரை தேய்ந்திருக்கிறது. நூலைச் சுற்றித் திருகுவது அன்றைய விசேஷத்துக்கு மட்டுமே உதவும். திருகாணியை மட்டும் மாற்றினால் பழைய தண்டின் மரை புதியதையும் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய தண்டு தங்கம் என்பதால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜிமிக்கியின் கனத்தால் காதுத்துளை இழுபடுகிறதென்றால் மாட்டலைச் சேர்த்து அணியுங்கள். அழகுக்காக மட்டும் வந்த அணியன்று அது, கனத்தில் பாதியைக் கூந்தல் ஏற்கும்படி செய்த ஏற்பாடு.

புதுத் திருகு போட்ட பிறகு காது அரித்தால், போட்டது தங்கத் திருகுதானா என்று பாருங்கள். மலிவான திருகுகளில் இருக்கும் நிக்கல் பலருக்கு ஒவ்வாது.

முத்து மஞ்சளாகிவிட்டது, பவழம் வெளுத்துவிட்டது

இரண்டும் கடலில் விளைந்த சுண்ணாம்புப் பொருள்கள். புளி, எலுமிச்சை, வினிகர், வியர்வை எதுவானாலும் அமிலம் பட்டால் மேற்பரப்பு கரையும். வெளுத்த பவழத்தின் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. எண்ணெய் தடவினால் ஒருநாள் மின்னும், மறுநாள் அழுக்கை இழுக்கும். நீண்ட காலத்தில் மஞ்சளான முத்தும் அப்படித்தான். அதை வயதின் நிறமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அணிந்து கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் மல் துணியில் சுற்றி வையுங்கள்.

முத்துகளுக்கிடையே நூல் கறுத்துத் தெரிந்தாலோ, முடிச்சுக்கும் முத்துக்கும் இடையே சந்து விழுந்திருந்தாலோ, அறுவதற்குமுன் பட்டுநூலில் புதிதாகக் கோக்கக் கொடுங்கள். ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சு இருக்க வேண்டும். அப்போது 'அளவு ஒரே சீராக இல்லை' என்று சொல்லிப் புது முத்துகளை மாற்ற முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்த காலத்து முத்துகளாக இருந்தால், அவை சிப்பியில் தானாக விளைந்தவை; கோணலும் அளவு வேறுபாடும் அவற்றின் இயல்பு. வளர்ப்பு முத்தா இயற்கை முத்தா என்பதை எக்ஸ்-கதிர்ச் சோதனையில் அறியலாம்.

எடை பொருந்தவில்லை, மாற்று குறைவாகக் காட்டுகிறது

பாட்டியின் கைக்குறிப்பில் 'காசு மாலை 12 தோலா' என்று இருக்கிறது. தராசில் 140 கிராம் காட்டுகிறது. 12 பவுன் என்றால் 96 கிராம்தானே என்று குழம்புகிறார்கள். ஒரு தோலா 11.66 கிராம், 12 தோலா என்பது ஏறத்தாழ 140 கிராம், அதாவது பதினேழரைப் பவுன். கணக்கு சரியாகவே இருக்கிறது. சில இடங்களில் இன்று 10 கிராமையே தோலா என்று சொல்லும் பழக்கமும் இருப்பதால் குழப்பம் கூடுகிறது. குன்றிமணி, மஞ்சாடி என்று எழுதியிருந்தால் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி.

நாம் சொல்லும் பவுன் 8 கிராம். உண்மையான பிரிட்டிஷ் சவரன் நாணயம் 7.98 கிராம். காசு மாலையில் கோத்திருப்பவை அசல் சவரன்களா, லட்சுமி உருவம் அடித்த மெல்லிய காசுகளா என்று பாருங்கள். அசல் நாணயமாக இருந்தால் ஆண்டையும் அச்சுக் குறியையும் தேய்க்காமல் படித்துக் குறியுங்கள். 1918-ல் பம்பாயிலும் சவரன் அடித்தார்கள். 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து அதன் குறி. மெருகேற்றித் தேய்ந்த நாணயத்துக்கு உலோக மதிப்பு மட்டுமே மிஞ்சும். மாலை எடை குறைந்திருந்தால் காசுகளின் காதுகளைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வளையம் உரசி உரசி அங்கேதான் முதலில் தேயும். அறுந்து காசு விழுவதும் அங்கேதான்.

மாற்று பார்க்கும் இயந்திரம் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்-கதிர் இயந்திரம் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தைத்தான் படிக்கிறது. பொடி வைத்த இணைப்பின் மேல் வைத்தால் மாற்று குறைவாகவும், முலாம் பூசிய இடத்தில் வைத்தால் கூடுதலாகவும் காட்டும். குறைந்தது நான்கைந்து இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் அனுபவசாலியின் கண்ணும் இன்றும் மதிப்புள்ளதே. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் நகை செய்வதைத் தடுத்தன. ஆகவே அந்த ஆண்டுகளில் செய்த நகையில் மாற்று குறைவாக இருந்தால் பத்தரை உடனே குறை சொல்லிவிட வேண்டாம்.

ஹால்மார்க் முத்திரை இல்லை என்பது பழைய நகைக்குக் குறையன்று. நகைக்கடைகளுக்கு அது கட்டாயமானது 2021 ஜூன் 16 முதல்தான். முத்திரையற்ற பழைய நகையை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமன்று. குந்தன் போன்ற பதிப்பு நகைகளுக்கு இன்றும் விலக்கு உண்டு. 'முத்திரை இல்லை, அதனால் பாதி விலைதான்' என்று சொன்னால், அங்கீகாரம் பெற்ற சோதனை மையம் ஒன்றில் சோதித்துச் சான்று வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போகலாம்.

மெருகேற்றி வாங்கிய நகையில் எடை குறைந்திருந்தால், அது தெருவில் வரும் ஆளிடம் கொடுத்ததாகவே பெரும்பாலும் இருக்கும். ராஜ திராவகத்தில் முக்கினால் நகை மின்னும். கரைந்த தங்கம் அவருடைய பாத்திரத்தில் தங்கிவிடும். போன தங்கம் திரும்பாது. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் வாசலில் வைத்து நகையைக் கழுவக் கொடுக்காதீர்கள்.

வெள்ளி கறுத்துவிட்டது

கல்லோ அரக்கோ முலாமோ இல்லாத கொலுசு, மெட்டிக்கு மட்டும்: பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாள் விரித்து, அதன்மேல் வெள்ளியை வைத்து, சமையல் சோடா தூவி, சூடான தண்ணீர் ஊற்றினால் கறுப்பு அலுமினியத்துக்கு மாறிவிடும். விபூதியால் துடைப்பதும் நல்ல முறையே. பூவேலையின் பள்ளங்களில் வேண்டுமென்றே விட்ட கருமையை மட்டும் எடுக்காதீர்கள். அதை எடுத்தால் வேலைப்பாடே தெரியாது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைப்பதே வெள்ளி கறுப்பதற்குப் பல வீடுகளில் காரணம். ரப்பரில் கந்தகம் இருக்கிறது.

யாருடைய நகை, எப்போது செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை

இதையும் ஒரு கோளாறாகவே நான் எண்ணுகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக முற்றிப்போவது இதுதான். சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் மூத்தவர்கள் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் இந்த வாரமே நகையையும் பழைய கல்யாணப் படங்களையும் கொண்டுபோய்ச் சேர்த்துக் காட்டுங்கள். 'இது யாருடையது?' என்று கேட்டால் பலருக்கு நினைவு வராது. 'இந்தப் படத்தில் கழுத்தில் இருப்பது இதுதானே, அத்தை?' என்று கேட்டால் ஊர், ஆண்டு, செய்த ஆசாரி, அழித்துச் செய்த பழைய நகை என்று எல்லாம் வரும்.

கேட்டதை மைப்பேனாவில் எழுதாமல் பென்சிலால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, நகையைச் சுற்றிய மல் துணிக்கு வெளியே வையுங்கள். கடைக்காரர் சுற்றிக் கொடுத்த ரோஸ் நிறத் தாளை எடுத்துவிடுங்கள். ஈரம் பட்டால் சாயம் இறங்கும். எங்கள் அட்டிகையின் சீட்டில் இப்போது இருப்பது: 'கெம்பு, 64 கல், பின்புறம் மூடியது, அரக்கு உண்டு. பாட்டியின் அம்மாவுக்கு வந்தது. ஒருமுறை தண்ணீர் பட்டுத் தாள் கறுத்து, எல்லாக் கல்லும் எடுத்து மறுபடி பதித்தது. நனைக்கக் கூடாது.'